ஒன்பதாவது புளியங்கொட்டை

கதவைச் சாத்தியது யார் என்று பூங்கோதை பார்க்கவில்லை. உள்ளே போகும்போது செவ்வந்தியின் பின்னல் ஒன்று தோளுக்கு முன்னாலும் இன்னொன்று பின்னாலும் கிடந்தது, அதை மட்டும்தான் பார்த்தாள். இழுத்துச் சரிசெய்யக் கையை நீட்டுவதற்குள் நீதிபதியின் அறை வாசலில் நின்ற டவாலி, "பாப்பா மட்டும் வரட்டும்மா, நீங்க வெளிய உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்தாள். பெஞ்சு சூடாக இருந்தது. இதற்கு முன் யாரோ வெகுநேரம் காத்திருந்து எழுந்து போயிருக்க வேண்டும், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ. சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. குடும்ப நல நீதிமன்றத்தில் நீதிபதியம்மாள் குழந்தைகளைத் தன் அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார், பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் வாயைத் திறக்காது என்பதற்காக. செவ்வந்திக்குப் பதினொரு வயது. யாரோடு இருக்க உனக்கு விருப்பம் என்று கேட்பார்கள். திருச்சியில் அம்மாவோடா, மேட்டூரில் அப்பாவோடா. மற்ற எல்லாவற்றுக்கும் இருவரும் சம்மதித்தாயிற்று. சண்டை போடத் தெம்பில்லாமல் சம்மதித்தார்கள், பிரிவதில் இருந்த ஒற்றுமை சேர்ந்திருந்தபோது இருந்ததில்லை. இந்த ஒன்றுதான் பாக்கி. இதைக் குழந்தையிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று போன வாய்தாவில் நீதிபதி சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள், பூங்கோதையும் ஆட்டினாள். ஆட்டியிருக்கக் கூடாது. ஆட்டாமல் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அம்மா, உங்கள் கேள்விக்கு இப்போதைக்குப் பதிலே கிடையாது, நீங்கள் கேட்கும்போதுதான் அது உண்டாகும், அதுவும் எதோடு சேர்த்துக் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்து உண்டாகும் என்றா? சொல்லியிருந்தால் வக்கீல் ஜெயசீலி அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

ஆனால் அவளுடைய பிழைப்பே அதுதான். பல்கலைக்கழகத்தில் பதினேழு வருஷமாகக் குவாண்டம் இயற்பியல் நடத்துகிறாள். அணுவுக்குள் இருக்கிற சின்னஞ்சிறு பொருள்களிடம் கேள்வி கேட்கலாம், ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும். அந்தப் பதில் முன்னாலேயே உள்ளே இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைப்பது மனித சுபாவம். பெரிய பெரிய மூளைகளே அப்படித்தான் நினைத்தன. ஒளிந்திருப்பதற்கு மறைமாறி என்று பெயர் வைத்துத் தேடின. தேடிப் போன வழியில் ஒரு முட்டுச்சந்து வந்தது. ஒரே கேள்வியை இந்தக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டாலும் சரி, அந்தக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டாலும் சரி, உள்ளே இருந்தது ஒரே பதில்தான் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது. அந்த முட்டுச்சந்தில்தான் பூங்கோதை குடித்தனம் நடத்துகிறாள். வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "அப்ப கேக்கறதுக்கு முன்னாடி அங்க என்ன மேடம் இருந்துச்சு?" என்பான். அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லப்பா என்பாள். "அர்த்தம் இல்லைன்னு மூளைக்குப் புரியுது மேடம், மனசு ஒத்துக்க மாட்டேங்குது" என்றான் ஒருவன், வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். மனசைப் பற்றிய பாடம் அடுத்த கட்டடத்தில் என்று சொன்னாள். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அது. இப்போது அந்தப் பையன் எங்கே இருக்கிறானோ, தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம் போல இருந்தது.

செவ்வந்திக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள், ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்த புளியங்கொட்டைகள் ஒன்பது. சமையலறைத் தரையில் சாக்பீஸால் மூன்றுக்கு மூன்று கட்டம். கட்டத்துக்கு ஒன்று வை, படுக்கை வாட்டில் எந்த வரிசையைப் பார்த்தாலும் வெள்ளை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இரண்டு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மேலிருந்து கீழாகப் பார்த்தால் முதல் இரண்டு வரிசையும் அப்படியே, கடைசி வரிசை மட்டும் ஒற்றைப்படை. அவ்வளவுதான் விளையாட்டு. அது முடியவே முடியாத விளையாட்டு என்று பூங்கோதைக்குத் தெரியும். படுக்கை வாட்டில் எண்ணினால் மொத்த வெள்ளை இரட்டைப்படை, மேலிருந்து கீழாக எண்ணினால் அதே வெள்ளைகள் ஒற்றைப்படை, எப்படி முடியும்? குழந்தை ஒன்றரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து திருப்பித் திருப்பி வைத்தாள். எட்டு சரியாக உட்கார்ந்துவிடும், ஒன்பதாவது மட்டும் உட்காராது. கடைசியில், "அம்மா, இந்தக் கொட்டை இப்பிடிப் பாக்கும்போது கறுப்பா இருந்தா சரியா வருது. அப்பிடிப் பாக்கும்போது வெள்ளையா இருந்தா சரியா வருது" என்றாள். பூங்கோதைக்குப் புல்லரித்துப் போயிற்று, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் தட்டுத் தடுமாறி வந்து சேருகிற இடத்துக்கு இந்தப் பொடிசு தரையில் குந்தியபடியே வந்துவிட்டது, அப்படியே வாரி எடுத்து முத்தம் கொடுத்தாள். செவ்வந்தி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. தோளுக்கு மேலாகக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தக் கொட்டை பாவம்லம்மா" என்றாள். அதைப் பூங்கோதை ஒரு கருத்தரங்கில் பேச்சை முடிக்கும்போது சொன்னாள், அரங்கம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வராந்தாவின் மறுகோடியிலிருந்து சந்திரமோகன் வந்தான். தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போயிருந்தவன். இருவருக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தான். நீல நிறக் கட்டம் போட்ட சட்டை, அவள் எடுத்துக் கொடுத்ததுதான், காலர் நைந்திருக்கிறது, மேட்டூர் மின்நிலையத்தில் அத்தனை பேர் இருக்கிறார்களே, சார் இந்தச் சட்டை போதும் விட்டுவிடுங்கள் என்று ஒருவர்கூடவா சொல்ல மாட்டார்கள். "சாப்பிட்டாளா?" என்றான். "ரெண்டு இட்லி." "ரெண்டுதானா?" "ரெண்டுதான்." பாட்டிலை இருவருக்கும் நடுவில் வைத்தான். "உள்ள என்ன கேப்பாங்க கோதை?" "தெரியல." "உனக்கே தெரியலைன்னா எனக்கு எங்க தெரியப்போவுது" என்றான். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். இவனோடு வாழ்ந்த பதினான்கு வருஷத்தில் சண்டை போட ஒரு முனை கிடைத்ததில்லை. மாற்றல் வந்தது, போனான். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வர முடியாது என்றாள், சரி என்றான். வாரா வாரம் வந்தான், பிறகு மாசத்துக்கு இருமுறை, பிறகு பண்டிகைக்கு. போனில் நல்லா இருக்கீங்களா என்பாள், நல்லா இருக்கேன் என்பான். அந்தப் பதில் உள்ளே முன்னாலேயே இருந்ததா, அவள் கேட்ட விதத்தில் உண்டானதா? சாப்பிட்டீங்களா, பவர் ஹவுஸில் எல்லாம் சரியா, நல்லா இருக்கீங்களா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் மனுஷன் வேறு என்ன சொல்லுவான். மே மாத லீவுக்குப் போய்விட்டு வந்த செவ்வந்தி பையிலிருந்து அழுக்குத் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா சோறு வடிக்கும்போது அழுதாரும்மா. கேட்டா பொகைங்கறாரு. கேஸ் அடுப்புல ஏதும்மா பொகை?" பூங்கோதை வெள்ளைத் துணியைத் தனியாகப் போடச் சொன்னாள்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நீதிபதியம்மாளுடையதா, குழந்தையுடையதா? சிரித்தால் நல்லதுதான். நல்லதா? முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார்கள், எந்தப் பாடம் பிடிக்கும், எந்தத் தோழி பிடிக்கும். செவ்வந்தி ரக்ஷிதாவைப் பற்றியும் ஹேசலைப் பற்றியும் சொல்லுவாள், கூடைப்பந்தைப் பற்றிச் சொல்லுவாள், அந்தச் சூட்டோடு சூடாக யாரோடு இருக்கிறாய் என்று கேட்டால் அம்மாவோடு என்பாள். இல்லை, லீவில் என்ன செய்தாய் என்று ஆரம்பித்தால்? போன வருஷம் அணை நிரம்பிப் பதினாறு கண் மதகையும் திறந்துவிட்ட அன்று அப்பா தோளில் தூக்கிக் காட்டியதைச் சொல்லுவாள், பத்து வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முதுகு பிடித்துக்கொண்டதைச் சொல்லுவாள், சிரிப்பாள், இப்போது சிரித்தது அதற்குத்தானோ? அதோடு சேர்த்துக் கேட்டால் அப்பா. ஒரே குழந்தை, ஒரே கேள்வி. எந்தப் பதிலும் பொய் இல்லை. பூங்கோதையின் கை தன்னையறியாமல் கைப்பையின் மேல் போயிற்று, உள்ளே நோட்டின் விளிம்பு தட்டுப்பட்டதும் நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள்.

நோட்டு. அதை நினைக்காமல் இந்த அரைமணி நேரத்தைக் கடத்திவிடலாம் என்று பார்த்தாள். ஜூன் மாதம் ஜெயசீலி சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. "பொண்ணு என்ன சொல்லுவான்னு கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கங்க மேடம், அப்பறம் அங்க போயி அதிர்ச்சியா ஆயிடக் கூடாது." தெரிந்து வைத்துக்கொள்வது என்றால் என்ன? மற்ற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? மடியில் போட்டுக்கொண்டு அழுவார்கள், என்னை விட்டுப் போயிடுவியாடி என்பார்கள், சத்தியம் வாங்குவார்கள். பூங்கோதை நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து மூன்று பத்தி பிரித்தாள். தேதி, எதோடு சேர்த்துக் கேட்டது, பதில். படித்தவர்கள் செய்கிற அசட்டுத்தனத்தில் எப்போதும் ஒரு நேர்த்தி இருக்கும். அவள் யோசித்தது இதுதான்: ஒரே கேள்வியைப் பல பேச்சுகளோடு கலந்து, பல நாட்களில், குழந்தைக்குத் தெரியாத மாதிரி கேட்பது. பேச்சால் வருகிற சாய்வைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது உண்மையான பதில். உள்ளே அப்படி ஒன்று நிற்கத்தானே வேண்டும்? நிற்காது என்று கரும்பலகையில் பதினேழு வருஷமாக நிரூபித்துக் காட்டியவள்தான் இவள். எதோடு சேர்த்துக் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே பதில் உள்ளே இருக்கலாமே என்று தப்பிக்கிறவர்கள் உண்டு, அவர்களைத் தப்பு என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் ஒரு துளிப் பொருளுக்குள் எத்தனை பதில்களைத் திணிப்பீர்கள் ஐயா, அது தாங்குமா என்று மேடைகளில் அவர்களைக் கிண்டல் செய்தவளும் இவள்தான். வீட்டுக்கு வந்து பதினொரு வயதுக் குழந்தைக்குள் அத்தனையையும் தேடினாள். சும்மா கேக்கறேன்டா, என்று ஆரம்பிப்பாள். இடி இடித்தபோது கேட்டாள்: இங்க. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் துணி தைக்கக் கொடுத்துவிட்டு வரும் வழியில் கேட்டாள்: இங்க. அப்பா வைக்கிற மீன்குழம்பைப் பற்றிப் பேசும்போது கேட்டாள்: அங்க. சந்திரமோகனின் பிறந்தநாளன்று போனை வைத்ததும் கேட்டாள்: தெரியல. மொத்தம் பத்தொன்பது வரிசை. இங்க பதினொன்று, அங்க ஏழு, தெரியல ஒன்று. ஓட்டு எண்ணுகிற மாதிரி எண்ணிப் பார்த்து, அப்பாடா என்று ஒருநாள் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் இன்று காலை ஆதார் நகலைத் தேடுகிறபோது நோட்டைப் பிரித்தாள். அதில் நாலாவதாக ஒரு பத்தி இருந்தது. பென்சிலால், ஸ்கேல் வைத்து, கோணாமல் போட்ட கோடு. எந்த அட்டவணை போட்டாலும் பிசிறில்லாமல் போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் யார்? மேலே தலைப்பு, உருண்டை உருண்டையான கையெழுத்தில்: அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சு. அதற்குக் கீழே பத்தொன்பது கட்டமும் நிரப்பியிருந்தது. வயித்து வலி. வயித்து வலி. வயித்து வலி இல்ல, ஆனா தூக்கம். வயித்து வலி. வயித்து வலி, மூச்சு அடைச்ச மாதிரி. வயித்து வலி. நின்றுகொண்டே படித்தாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். பத்தொன்பதில் பதினாறு நாள். சும்மா கேட்கிறேன் என்று கேட்ட எதுவும் சும்மா கேட்டதாகக் குழந்தைக்குப் படவில்லை. எப்போது இந்த நோட்டைக் கண்டுபிடித்தாள், எத்தனை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாக நினைவுபடுத்தி எழுதினாள், அல்லது முதலிலேயே கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் கேள்வி வருகிறது என்று தெரிந்தே பதில் சொல்லிவிட்டுப் போய் அன்றன்றைக்கு எழுதினாளா? மூன்றாவது பத்தியில் பதில் மாறி மாறி வந்தது. நாலாவது பத்தி அநேகமாக மாறவே இல்லை. இடி இடித்தாலும் மீன்குழம்பானாலும் துணி தைத்தாலும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. தேடியது உள்ளே இருக்கவில்லை, இருந்ததை யாரும் தேடவில்லை. இதை நினைத்ததும் ஒரு கட்டுரையின் முதல் வரி போல மனசு அதை அழகாக எழுதிப் பார்த்தது, சீ என்று தன்னையே வெறுத்தாள். அறைக்கு வெளியே செவ்வந்தி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஆட்டோ வந்துருச்சு." என்ன சொல்வது? என்ன சொன்னாலும் அது நீதிமன்றத்துக் கேள்வியோடு போய் ஒட்டிக்கொள்ளும். மன்னிச்சிருடா என்றால்? அதுவும் ஒட்டிக்கொள்ளும், அம்மாவை மன்னிக்கிறவள் அம்மாவோடு இருப்பேன் என்றுதானே சொல்ல வேண்டும். அணைத்துக்கொண்டால் அதைவிட மோசம். ஆட்டோவில் வாயைத் திறக்காமல் வந்தாள். குழந்தை சின்னப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது. குலுங்குகிற வண்டியில் பை விழாமலிருக்கப் பிடித்திருக்கிறாள் என்று பூங்கோதை நினைத்தாள். பாதி வழி தாண்டிய பிறகுதான் உறைத்தது, அப்போதும் கேட்கவில்லை. கேட்பதையே விட்டுவிட வேண்டும் என்று அந்த நிமிஷம்தான் முடிவு செய்திருந்தாள், பார் அவள் சமர்த்தை.

பதினொன்று இருபது. கடிகாரம் ஐந்து நிமிஷம் கூடுதலாக ஓடுகிறது என்று சந்திரமோகன் சொன்னான், தன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவள் தலையாட்டினாள். பக்கத்து ஹாலில் டவாலி யாரோ ஒரு பெண்ணின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார், யாரும் வரவில்லை. இங்க என்று சொல்லட்டும். கடவுளே, எந்தக் கேள்வியோடு சேர்ந்து வந்தாலும் இங்க என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பு ஸ்டாண்டில் அந்த ஷூ இருக்காது, ஸ்கூல் வேன் நம் வாசலில் நிற்காமல் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும், புளியங்கொட்டை டப்பா சமையலறை அலமாரியில் இருக்கும், அதை என்ன செய்வது. மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை. நல்லா இருக்கியாடா, நல்லா இருக்கேன்மா. அப்பனுக்கு ஆன கதி நமக்கும். அப்படியென்றால் அவனுக்கும் இதே ஷூ இல்லாத ஸ்டாண்டுதானே ஆறு வருஷமாக? முதல் முறையாகத் திரும்பி அவனை நன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பவர் ஹவுஸ் எஞ்சினீயர், சாமி கும்பிடாதவன், எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனும் இதையேதான், வேறு ஊர்ப் பெயரைப் போட்டு, வேண்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு வேண்டுதலும் ஒரே குழந்தையின் தலையில் போய் இறங்குகின்றன, இப்படிப் பார்த்தால் கறுப்பாகவும் அப்படிப் பார்த்தால் வெள்ளையாகவும் இருந்து தொலை என்று. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கதவு திறக்கும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. செவ்வந்தி கையில் பிரிக்காத சாக்லேட்டோடு வந்தாள், இரண்டு பின்னலும் இப்போது முன்னால் இருந்தன, நீதிபதியம்மாள் எடுத்துவிட்டிருக்க வேண்டும். நேராக வந்து இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள், எந்தப் பக்கமும் ஒட்டாமல். "ரெண்டு பேரும் ஒரு மணிக்கு மேல வாங்க, ஜட்ஜம்மா ஆர்டர் சொல்லுவாங்க" என்றார் டவாலி. சந்திரமோகன் குனிந்து, "ஜூஸ் குடிக்கிறியாடா தங்கம்?" என்றான். தலையாட்டினாள். அவன் எழுந்து போனான், படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பூங்கோதை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க மாட்டேன். இன்று எதுவும் கேட்க மாட்டேன்.

"அம்மா."

"ம்."

"நோட்டு கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு" என்றாள்.

"எழுதிக்க."

"வேணாம்டா செவ்வி. அதெல்லாம் இனிமே வேணாம். அம்மா பண்ணது..."

"பரவால்ல, எழுதிக்கம்மா. அப்பறம் மறந்துருவ." குழந்தையின் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தேதி இன்னைக்கி. எதோட சேத்துங்கற எடத்துல, நீ இல்லாம யாரு தனியா இருந்தா ரொம்பக் கஷ்டப்படுவாங்கன்னு ஜட்ஜ் ஆன்ட்டி கேட்டாங்கன்னு எழுது. பதில்ங்கற எடத்துல, அங்கன்னு எழுது."

பூங்கோதை எழுதவில்லை. கேஸ் அடுப்பில் ஏதும்மா புகை என்று கேட்ட முகம் இது. சரியான பதில்தான். அந்தக் கேள்விக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது, அவளைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. யாரு இல்லாம உன்னால இருக்க முடியாது? அதைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கேட்டால் பதில் வரும், ஜெயசீலியைக் கூப்பிட்டு இன்னொரு முறை விசாரிக்கச் சொல்லி மனு போடலாம், இருபத்தோராவது, இருபத்திரண்டாவது வரிசை என்று நோட்டு முடியும்வரை போகலாம். விழுங்கினாள். கேட்காத கேள்விக்கு எங்கேயும் பதில் இருக்காது என்று வாய் வலிக்கப் பாடம் நடத்தியவள், அந்த ஒரு நிமிஷம், தான் நடத்தியதெல்லாம் தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரும் கேட்காவிட்டாலும் அந்தப் பதில் அங்கே இருக்கட்டும், குழந்தைக்குள் எங்கோ ஒரு மூலையில், அம்மா என்று. யாருக்கும் தெரியாவிட்டாலும் போகிறது, இருந்தால் போதும். அழுகை இந்த முறை அடங்கவில்லை. செவ்வந்தி பார்க்காத மாதிரி சாக்லேட் தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள், மற்றொரு கை பையை வயிற்றோடு பிடித்திருந்தது. மூன்று பத்திக்குச் சொல்லிவிட்டாள். நாலாவதைச் சொல்லவில்லை.

"செவ்வி" என்றாள் பூங்கோதை. "இப்ப வயிறு வலிக்குதாடா?"

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வியா, எழுதிக்கொள்ளப் போகிற கேள்வியா என்று கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் உதடு பிதுங்கியது, பதினொரு வயது போய் நாலு வயதாயிற்று. "ரொம்ப" என்றாள். சாய்ந்து மடியில் விழுந்தாள். பூங்கோதை அந்தப் பையை மெல்ல எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். எத்தனை நாளாக என்று அவள் கேட்கவில்லை. அது நோட்டில் எழுதியிருந்தது.